கணக்கில் வராத மூன்று

அறையில் இருபத்தைந்து வாட்.
உச்சியில் எவ்வளவு என்று
ஒருவரும் ஏறிப் பார்த்ததில்லை.
மெலிங்காவில் மழை விடும் நாள் குறைவு,
விட்ட நாளில் எல்லோரும் கடலில்.

ஏறுவதற்கு முன்
சிகரெட் அட்டையின் முதுகில் கணக்குப் போட்டேன்.
கேபிள் அறுபது மீட்டர்,
நூறுக்குப் பத்து டெசிபெல் இழப்பு என்கிறது அதன் தோல்.
அப்படியானால் ஆறு.
இணைப்பிகள் நான்கு, ஒவ்வொன்றும் கால் கால் தின்னும்.
ஒன்று.
ஆக ஏழு.

டெசிபெல் நல்ல வாய்ச்சாலகக் கணக்கு.
பெருக்கலாய்ச் சிறுத்துப்போகும் ஒன்றை
வெறும் கூட்டலாகச் சொல்லிவிடும்.
ஆறும் ஒன்றும் ஏழு என்று நான் விரல் மடக்கும்போதே
இருபத்தைந்து ஐந்தாகிவிட்டது.
மற்ற இருபதும் எங்கே?
சூடாகிவிட்டது என்கிறது புத்தகம்.
கேபிளைத் தொட்டுப் பார்த்தேன்.
ஈரம்தான் இருந்தது.

உச்சியில் காற்று மேற்கிலிருந்து.
இடுப்பு வார் இறுக, பல்லில் திருப்புளி.
மீட்டரை மாட்டிவிட்டுக் கீழே கத்தினேன்.
யெசேனியா பொத்தானை அழுத்தினாள்.
முள் இரண்டரையில் நின்றது.

இரண்டரை.
பத்தில் ஒன்று.
பத்து டெசிபெல்.
ஏழை நான் அறிவேன்,
மூன்று யாருடையது?

போன செவ்வாய் அதிகாலை நாலு பத்து.
பதிவேட்டில் ஒரு வரி:
"அழைப்பு எதுவும் கேட்கவில்லை."
பொர்ஃபியாதா கவிழ்ந்தது அந்த நேரம்தான்.
அபெலினோ நவெல்கின் பாறையொன்றைக் கட்டிப்பிடித்து
விடியும் வரை கிடந்தார்.
நான்கு முறை கூப்பிட்டேன் என்றார்.
சங்கச் செயலாளர் மில்லாலோங்கோ
பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்.
காப்பீட்டுப் படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
படகில் கருவி அணைந்திருந்தது,
கரையில் ஆள் உறங்கினார்.
யெசேனியா உறங்கவில்லை.
அவள் கண்ணை அன்று காலை நான் பார்த்தேன்.

ஒரு கேபிள்
போகும் குரலிடம் எவ்வளவு வாங்குகிறதோ
வரும் குரலிடமும் அவ்வளவே வாங்கும்.
அதற்கு வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது.
அவர் கூப்பிட்ட இடம், தூரம், நடுவே நின்ற தீவு,
எல்லாம் கழித்துப் பார்த்தேன்.
ஏழுதான் இழப்பு என்றால்
இரைச்சலை அடக்கும் திருகைத் தாண்டி
இரண்டு டெசிபெல் மிச்சத்தில் உள்ளே வந்திருப்பார்.
பத்து என்றபடியால்
ஒன்று குறைந்து
வாசலுக்கு வெளியே நின்றுவிட்டார்.
நான்கு முறையும்.

நாலாவது இணைப்பியில் அகப்பட்டது.
கறுப்பு ரப்பர் நாடாவைத் தியூக்கே ஒன்று
கொத்திக் கொத்தி உரித்திருந்தது.
திருகிக் கழற்றினேன்,
மணிக்கட்டு வழியாகச் சட்டைக்குள் தண்ணீர் இறங்கியது.
செம்புப் பின்னல் பச்சையாய்,
பாசி போல, விரலில் ஒட்டியது.

படிவத்தில் மூன்றாவது கட்டம் வரைந்தேன்.
ஸ்கேல் இல்லை, கோணலாக வந்தது.
மில்லாலோங்கோ மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
"பறவைக்குக் கட்டம் கிடையாதே" என்றார்.
பறவைக்கு இல்லை,
ஐந்து வருடமாய் நாடா வாங்கிக் கொடுக்காதவருக்கு என்றேன்.
அவர் கையெழுத்துப் போட
மூன்று நாள் எடுத்துக்கொண்டார்.

நவெல்கின் வந்தார். உள்ளங்கையெல்லாம் பாறைக் கீறல்.
கணக்கைக் காட்டச் சொன்னார், காட்டினேன்.
"மூன்று என்றால் எவ்வளவு?"
பாதி என்றேன்.
அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.
"பாதிக் குரலில் நான் கத்தவில்லை, மகளே."

மறுநாள் புது இணைப்பி போட்டேன்.
நாடா மூன்று சுற்று, மேலே மெழுகு.
பக்கத்துக் கம்பத்தில் உட்கார்ந்து
தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது தியூக்கே.
இன்னொரு சுற்று சுற்றினேன்.